நான்கு விரல் தண்ணீர்

டுக்டுகி,

பிற்பகல் இரண்டு மணி பதினேழு நிமிடத்துக்கு, உன் அம்மா போய்விட்டாள் என்று உன் மாமா பிஜன்தா எனக்குப் போனில் சொன்னார். நேரத்தை நான் குறித்து வைக்கவில்லை, போன் குறித்து வைத்திருக்கிறது. நாற்பத்தோரு நொடி பேசியிருக்கிறோம். நான் அப்போது சால்ட் லேக்கில் என் அலுவலகத்தில் இருந்தேன். ரத்தத்தில் தட்டணுக்கள் ஏற ஆரம்பித்துவிட்டன, இனிப் பயமில்லை என்று காலையில் ஆஸ்பத்திரியில் சொன்னதால் இரண்டு மணி நேரம் போய் வரலாம் என்று கிளம்பியிருந்தேன். போனை வைத்த பிறகு, மேசையில் விரித்திருந்த வரைபடத்தில் ஓர் உத்தரத்தின் கம்பி அளவைத் திருத்திவிட்டுத்தான் எழுந்தேன். பல நாள் கழித்து அந்தத் திருத்தத்தை எடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அப்போது உனக்கு நான்கு வயது. இப்போது ஐந்து. இது நீ வளர்ந்த பிறகு படிப்பதற்கு. நீ பேசுவது பங்களாதான். என்னிடம்கூட ‘பாபா, ஜல் தாவ்’ என்றுதான் தண்ணீர் கேட்கிறாய். தமிழ் எழுத்தில் இப்போதுதான் ‘ங’ வரை வந்திருக்கிறோம். அப்படியிருந்தும் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பங்களாவில் எழுதினால் இந்த வீட்டில் யாரும் எடுத்துப் படித்துவிடலாம். இதில் இருக்கிற விஷயத்தை உன் மாமா என் வாயிலிருந்து கேட்க வேண்டும், காகிதத்தில் பார்க்கக் கூடாது. அடுத்த வாரம் நீயும் நானும் பெஹாலாவுக்குக் குடிபோகிறோம். நாளைக் காலையில் கொத்தனார்கள் வந்து கீழே முற்றத்தில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியை உடைத்து அள்ளிக்கொண்டு போவார்கள். வருஷத் திதிக்குப் பந்தி போட இடம் வேண்டும் என்று பிஜன்தா ஆள் சொல்லிவிட்டார். தொட்டி போய்விட்டால் நான் சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அதனால்தான் இன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

நீ பிறந்த இந்தச் சந்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். நான் சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன், கல்கத்தாவின் இந்தப் பழைய நடுப்பகுதி எனக்கு ஒரு வெளியூர் மாதிரிதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இங்கே வந்தேன். நம் வீட்டுக்குப் பக்கத்து மனையில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதற்காக மண்ணைப் பரிசோதிக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு பெரிய இரும்புக் குண்டைத் தூக்கித் தூக்கிக் குழாய் மேல் போட்டு, ஓர் அடி இறங்க எத்தனை போடு ஆகிறது என்று எண்ணுகிற வேலை. சாதாரண மண்ணில் பத்து, பன்னிரண்டு ஆகும். இங்கே இரண்டே போடில் குழாய் தானாக இறங்கியது. ஏன் என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். கையில் சாக்பீஸ் தூள்.

“கொஞ்சம் நிறுத்தறீங்களா? நீங்க இதப் போடற ஒவ்வொரு தடவையும் எங்க வீட்டுச் சரஸ்வதி படம் சாயுது. காலையிலேர்ந்து நேரா வச்சு வச்சுக் கை வலிக்குது.”

“இன்னும் அரை மணி நேரம் மேடம். கீழ மண்ணு ரொம்ப இளகியிருக்கு. ஏன்னு பாக்கணும்.”

“ஏன்னு நான் சொல்றேன். இங்க குளம் இருந்துச்சு. சந்துல பால் ஊத்தறவனுக்குக்கூடத் தெரியும். இதுக்கு மெஷின் வச்சு, நாலு ஆளு வச்சு, எங்க படத்தையும் சாய்ச்சு... உங்களுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?”

அதுதான் உன் அம்மா பர்ணா. பெண்கள் பள்ளியில் பூகோளம் சொல்லிக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் என்னைச் சந்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடக்க வைத்தாள். நேராகப் போகிற சந்து நம் வீட்டருகே வளைந்து, ஒரு பாதி வட்டம் போட்டு, மறுபடி நேராகிறது. வளைவில் இருக்கிற வீடுகளெல்லாம் குளத்தைப் பார்த்துக் கட்டியவை. குளம்தான் போய்விட்டது, பார்த்துக்கொண்டு நின்றவை அப்படியே நிற்கின்றன என்றாள். காய்ச்சல் பரவுகிறது, குளத்துத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லி, ஊர்க் குப்பையையும் அடுப்புச் சாம்பலையும் கொட்டி அதைத் தூர்த்திருக்கிறார்கள். தூர்த்த இடத்தில் மனை போட்டு வீடு கட்டினார்கள். குளத்துக்குப் பதிலாகக் குழாய் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்றில் குடிக்கிற தண்ணீர், இன்னொன்றில் வடிகட்டாத கங்கைத் தண்ணீர், கழுவுவதற்கும் தேய்ப்பதற்கும். இரண்டாவது குழாயில் வேளை பார்த்துத்தான் வரும் என்பதால் அதைப் பிடித்து வைக்க வீட்டுக்கு வீடு முற்றத்தில் ஒரு தொட்டி கட்டினார்கள். சௌபாச்சா என்பார்கள் இங்கே. பிறகு கீழ்த்தளங்களில் அச்சுக்கூடங்களும் பைண்டிங் கடைகளும் வந்தன. நாடு பிரிந்தபோது அறைக்கு ஒரு குடும்பம் வந்தது. பிறகு அவர்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் புறநகருக்குப் போனார்கள். இப்போது வளைவில் நான்கு வீடுதான் பழையவை, மற்றதெல்லாம் லிஃப்ட் வைத்த கட்டடங்கள். இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல நான் ஒன்றைத்தான் கூடுதலாகக் கண்டுபிடித்துச் சொன்னேன். உங்கள் வீட்டு வாசலுக்கு ஆதியில் மூன்று படி ஏற வேண்டியிருந்திருக்கும், தெருவுக்குத் தார் போடப் போட மட்டம் உயர்ந்து இப்போது ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது என்றேன். உன் அம்மா வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “பரவால்ல. மெஷின் இல்லாமலும் கொஞ்சம் தெரியுது,” என்றாள்.

கல்யாணப் பேச்சு வந்தபோது உன் மாமா கேட்டது ஒரே கேள்வி. “மதராஸிப் பையன் மீன் திங்கிறானா, அத மட்டும் சொல்லு.” தின்பேன் என்று தெரிந்ததும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் அவருக்கு ஜாமாய், அதாவது மாப்பிள்ளை. பர்ணாவின் பள்ளி இங்கிருந்து நடக்கிற தூரம், என் அலுவலகத்துக்கு பஸ் இருந்தது. அதனால் இந்த வீட்டின் மாடியில் நாங்கள் இருந்தோம். கீழே பிஜன்தாவும் அவர் மனைவி ரீனா பௌதியும். என் சொந்த அண்ணன் இருந்திருந்தால்கூட இவ்வளவு கலகலப்பாக இருந்திருக்க மாட்டார் என்று தோன்றும்.

அந்தத் தொட்டி விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அதை உடைத்துவிட்டு ஸ்கூட்டரை நிறுத்த வேண்டும் என்பது அவர் ஆசை. சந்தில் மிச்சம் இருக்கிற ஒரே சௌபாச்சா இது, செங்கல் தூளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியது, இந்தப் பூச்சை இப்போது யாருக்கும் போடத் தெரியாது என்று நான் தடுத்தேன். உன் அம்மா எந்தப் பக்கமும் சேரவில்லை. “வைக்கறதா இருந்தா வை. ஆனா அது உன் பொறுப்பு. ஞாயித்துக்கெழம தேய்க்கறப்ப என்னக் கூப்பிடாத,” என்றாள். நான் கூப்பிட்டதில்லை. அவளே விடைத்தாள் கட்டோடு வந்து படியில் உட்கார்ந்துகொள்வாள். கொசு வரக் கூடாதென்று வார்டு சுகாதார வேலை பார்க்கிற ஷிப்ராதி ஒரு பை நிறைய கப்பி மீன் கொண்டுவந்து தொட்டியில் விட்டார். சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும், கொசுப் புழுவைத் தின்னும். பிஜன்தா குனிந்து பார்த்துவிட்டு, “என்ன ஜாமாய், மீன் வளக்கறதுன்னு ஆனப்பறம் கொழம்பு வைக்கற மாதிரி ஒண்ண வளக்கக் கூடாதா?” என்றார்.

இனிச் சொல்வதுதான் விஷயம். சென்ற வருஷம் மழை முடிகிற நேரத்தில் தொட்டியின் அடிப்பக்கப் பூச்சு உரிய ஆரம்பித்தது. நானே சரிசெய்தேன். மீன்களை வாளியில் பிடித்து ஷிப்ராதியிடம் கொடுத்துவிட்டேன். தொட்டியைக் காலி செய்து, சுண்ணாம்பும் செங்கல் தூளும் குழைத்துப் பூசினேன். சுண்ணாம்புப் பூச்சு சீக்கிரம் காய்ந்தால் வெடிக்கும், ஈரத்திலேயே இறுக வேண்டும். அதனால் அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினேன். சுண்ணாம்பின் காரம் இறங்கிய தண்ணீரில் புழு பூச்சி எதுவும் உயிரோடு இருக்காது. காகிதத்தை நனைத்துக் காரத்தை அளந்தும் பார்த்தேன். நிறைய இருந்தது. பிறகு ஒரு பாலம் வேலைக்கு வெளியூர் போனேன். பத்து நாள் என்று போனது இருபத்திரண்டு நாள் ஆனது.

அந்தச் சமயத்தில் நல்ல மழை. தெருவைவிடத் தாழ்ந்த முற்றம், திறந்த தொட்டி. மழைத் தண்ணீர் கலந்தால் காரம் இறங்கிவிடும். காற்றுப் பட்டாலே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இது எனக்குக் கல்லூரி முதல் வருஷத்திலிருந்து தெரியும். பன்னிரண்டாவது நாளோ என்னவோ உன் அம்மா போனில் கேட்டாள். “தொட்டியில தண்ணி நிக்குதே, எறச்சிடவா?” “வேணாம். சுண்ணாம்பு காயக் கூடாது. அதுல ஒண்ணும் வாழாது. நான் வந்து பாத்துக்கறேன்,” என்றேன். அவள் சரி என்றாள். உனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று பேச்சை மாற்றினாள். அந்த வாரம் ஷிப்ராதி வீடு வீடாகப் பார்க்க வந்தபோது, அதே வார்த்தையை ரீனா பௌதி சொல்லியிருக்கிறாள், இஞ்சினியர் சொல்லியிருக்கார், சுண்ணாம்புத் தண்ணி, அதுல ஒண்ணும் வாழாது என்று. படித்தவன் சொன்னது என்று ஷிப்ராதியும் போய்விட்டார்.

நான் திரும்பி வந்த நான்காம் நாள் பர்ணாவுக்குக் காய்ச்சல். டெங்கு என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகும் ஆபத்து உண்டு. ஆறாம் நாள் இரண்டு மணி பதினேழு.

ஒரு வாரம் கழித்து ஷிப்ராதி வந்தார். துக்கம் கேட்க வந்தவர் என்று நினைத்துக் கீழே இறங்கினேன். அவர் தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் வெள்ளைக் கரண்டி, அதில் தொட்டித் தண்ணீர்.

“இஞ்சினியர் பாபு, இங்க வாங்க.”

பார்த்தேன். வெள்ளை அடிப்பாகத்தில் நூல் துண்டுகள் மாதிரி கொசுப் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. எண்ணினேன். பதினான்கு.

“பக்கத்து மனைக் குழியில பாத்தீங்களா?” என்று கேட்டேன். நான் எதை எதிர்பார்த்துக் கேட்டேன் என்று உனக்குப் புரியும்.

“மொதல்ல அங்கதான் பாத்தேன். ஒண்ணுமில்ல. காவல்காரன் மதன் சனிக்கெழம தவறாம, கொசுப் புழு சாக எண்ணெய் ஊத்தறான்.” கரண்டியைக் கவிழ்த்தார். “கடிச்ச கொசு இதுலேர்ந்துதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அது யாருக்கும் தெரியாது. நாலு மொட்டமாடி தள்ளிக்கூட வந்திருக்கலாம். இன்னிக்கே எறச்சிடுங்க. வீட்ல இருக்கறவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ற விஷயம் இல்ல இது.”

அன்றே இறைத்துவிட்டேன். சொல்லவில்லை.

பக்கத்து மனை என்று சொன்னேனே, நான் மண் பார்த்த அதே மனைதான். பல வருஷம் சும்மா கிடந்து சென்ற வருஷம்தான் அஸ்திவாரக் குழி தோண்டினார்கள். குளம் இருந்த இடம் என்பதால் ஊற்றெடுத்துத் தண்ணீர் நின்றது. மதன் அங்கேயே தகரக் கொட்டகையில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு காவல் இருந்தார். நீ பள்ளியிலிருந்து வரும்போது காகிதப் பொட்டலத்தில் முறி கொடுப்பார், பொரியில் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்தது. உனக்குக் காரம் ஆகாது என்று பச்சை மிளகாய் போடாமல் தனியாகப் பிசைவார். மதன் காக்கு, மதன் சித்தப்பா என்று கூப்பிடுவாய்.

ஷிப்ராதி வந்துபோன இரண்டாம் நாள் சாயங்காலம் பிஜன்தா அந்த மனை வாசலில் போய் நின்றார். பின்னாலேயே சந்துக் கிளப் ஆட்கள் ஏழெட்டுப் பேர். நான் மாடி வராந்தாவில் நின்றிருந்தேன்.

“என் தங்கச்சிய இந்தக் குழி தின்னுடுச்சு. நீ இங்க ஒக்காந்து பீடி பிடிச்சிட்டு இருந்திருக்க.”

“அண்ணா, நான் எண்ணெய் ஊத்தறேன் அண்ணா. டின்னு பாருங்க, இங்கயே இருக்கு.”

“டின்னு காட்றான் பாரு,” என்றான் கிளப் ஆள் ஒருவன். “தலைக்குத் தேய்ச்சுக்கறதா, கொழம்புக்கா?”

மதன் சிரிக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “பாபு, நீங்க சொல்லுங்க. மேலேர்ந்து தெனம் பாக்கறீங்க. நான் ஊத்தறத நீங்க பாத்திருக்கீங்கல்ல?”

பார்த்திருக்கிறேன். சனிக்கிழமைதோறும் பார்த்திருக்கிறேன். பிஜன்தாவும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்த நேரத்தில் சட்டைப் பையில் போன் அடித்தது. அலுவலகம். ஒரு வரைபடத்தில் சந்தேகம், நாளைக்குக் கேட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நான் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்ப் பேசினேன். பதினொரு நிமிடம் பேசியிருக்கிறேன், அதையும் போன் வைத்திருக்கிறது. திரும்பி வந்தபோது வாசலில் யாரும் இல்லை. மறுநாள் கொட்டகையில் வேறு ஆள். அன்று நீ பள்ளியிலிருந்து வந்து, மதன் காக்கு எங்கே என்று கேட்டாய். ஊருக்குப் போய்விட்டார் என்றேன். சில மாதம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாய். எப்போது நிறுத்தினாய் என்று எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு இந்தப் பதினொரு மாதத்தில் பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். எத்தனை வீட்டு மாடியில் தொட்டி, எத்தனை வாளி, கொசு எவ்வளவு தூரம் பறக்கும் என்று. விடை வராது என்று தெரிந்தும் போட்டேன். இந்தத் தொட்டியால்தான் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் மதனின் குழி இல்லை என்பதற்குக் கணக்குத் தேவையில்லை. ஷிப்ராதியின் கரண்டி போதும். இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, முதலாவது தெரியாதவரைக்கும் இரண்டாவதைச் சொல்ல வேண்டாம் என்று எனக்கு நானே வசதி பண்ணிக்கொண்டேன். நான் செய்த தப்பில் எனக்கே இப்போது பெரிதாகத் தெரிவது இதுதான். தொட்டி கவனக்குறைவு. வராந்தாவில் நடந்தது அப்படியில்லை.

பிஜன்தாவிடம் சொல்ல ஒருமுறை உட்கார்ந்தேன். துர்கா பூஜை முடிந்து, விஜயா என்று இங்கே சொல்கிற விஜயதசமிக்கு இனிப்பு சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். தங்கை இல்லாத முதல் விஜயா. ரசகுல்லாவைத் தட்டில் வைத்துவிட்டு, “உனக்கு ஒண்ணு தெரியுமா ஜாமாய், அவளக் கொன்னது எதுன்னு தெரிஞ்சதுல எனக்கு ஒரு நிம்மதி. தெரியாம இருந்திருந்தா பைத்தியம் பிடிச்சிருக்கும்,” என்றார். நான், பிஜன்தா, ஒரு விஷயம் என்று ஆரம்பித்தேன். போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அடிக்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பது எனக்குத் தெரியவில்லை. அடித்தபோது சந்தோஷமாக இருந்தது என்பது மட்டும் தெரியும்.

நீ வளர்ந்தால் உன்னிடம் எல்லோரும் அந்தக் கதையைத்தான் சொல்வார்கள். பக்கத்துக் குழி, தண்ணீர், ஒரு காவல்காரன். இந்தச் சந்து இப்படிச் சொல்லிப் பழகியது. அன்றைக்குக் குளம் என்றார்கள், தூர்த்தார்கள், காய்ச்சல் நிற்கவில்லை. எங்கோ ஒரு தண்ணீரைக் காட்டி அதுதான் என்று சொல்லிவிட்டால் மற்ற எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். நான் படித்த படிப்பு அதைவிடக் கொஞ்சம் மேலாக இருந்திருக்க வேண்டும். உனக்குச் சொல்லிக் கொடுக்க என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு விஷயம் உனக்குத் தெரியும் என்று நீ சொல்லும்போது, கடைசியாக எப்போது போய்ப் பார்த்தாய் என்று உன்னையே ஒருமுறை கேட்டுக்கொள். நான் முதல் நாள் அளந்தேன். பன்னிரண்டாம் நாள் உன் அம்மா கேட்டபோது, முதல் நாள் அளவை வைத்துக்கொண்டு பதில் சொன்னேன்.

மதன் இப்போது சாந்த்ராகாச்சி யார்டுக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் காவல் இருக்கிறார் என்று ஷிப்ராதி சொன்னார். நான் வளர்ந்த இடம், வழி கேட்கத் தேவையில்லை. ஆனால் நான் மட்டும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தால் அது என் பாரத்தை இறக்குவதற்கு ஆகும், அவர் பெயருக்கு ஒன்றும் ஆகாது. விரட்டியவர் தெரிந்துகொள்ள வேண்டும், இந்தச் சந்து தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் முதலில் பிஜன்தா. அவர் என்னை அடிக்கலாம். உன்னைப் பார்க்க வராமல் போகலாம், அதுதான் எனக்குப் பயம். உனக்கு அம்மா வழியில் மிச்சம் இருக்கிறவர் அவர் ஒருவர்தான். அவரிடமிருந்து ஒரு நிம்மதியைப் பிடுங்கப்போகிறேன், பதிலுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. நீ இதைப் படிக்கும்போது உனக்கு மாமா இருந்தால், அவர் என்னைவிடப் பெரிய மனிதர் என்று வைத்துக்கொள். இல்லாமல் போயிருந்தால் அது அவர் குற்றம் இல்லை.

அவர் ஆறு மணிக்கு வருவார். இப்போது ஐந்தரை. ரீனா பௌதி உன்னைப் பார்க்குக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். கொத்தனார்கள் இன்றே கடப்பாரைகளைக் கொண்டுவந்து தொட்டிமேல் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் இந்தப் பக்கங்களை மடித்து உன் அம்மாவின் பூகோளப் புத்தகங்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, கீழே போய் உன் அம்மா விடைத்தாள் திருத்த உட்காருகிற படியில் உட்காரப்போகிறேன். அங்கிருந்து பார்த்தால் வாசல் தெரியும். அவர் ஸ்கூட்டரை நிறுத்தி, ஒரு படி இறங்கி உள்ளே வருவார்.

போனை அணைத்துவிட்டேன்.